‘ஊகிக்காதே’ என்றொரு கட்டம்: வாசகர் கேள்வி – பதில்

அக்டோபர், மாற்றுத் தொடர்பு முறைகளுக்கான உலக விழிப்புணர்வு மாதம். வாயால் பேச முடியாதவர்களும், பேசினாலும் பிறருக்குப் புரியாதவர்களும் எழுத்துப் பலகை, படப் புத்தகம், கண்ணசைவு, சுவிட்ச், பேசும் செயலி ஆகியவற்றின் வழியே பேசுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இந்த முறைகளில் கதையும் கவிதையும் எழுதுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, இத்துறையில் பணியாற்றும் பேச்சு – மொழிப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

மகனுக்கு 15 வயது. செரிப்ரல் பால்ஸி (மூளை முடக்குவாதம்). கை வராது, பேச்சு வராது. கண் நன்றாக ஓடும். தமிழ் படிக்கத் தெரியும். கதை எழுத ஆசைப்படுகிறான் என்று தெரிகிறது. 247 எழுத்துக்கும் பலகை போட்டால் அது கதவு அளவுக்கு வருமே?
– ஒரு தாய், கும்பகோணம்

247 வேண்டாம், 36 போதும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31. இவற்றோடு ஐந்து கட்டளைகள்: புள்ளி, இடைவெளி, தவறு, அடுத்த வரி, ஊகிக்காதே. மொத்தம் 36. ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஆறு எழுத்து. நம் இலக்கணம் ஏற்கெனவே மெய்யெழுத்தை ஆறு ஆறாகப் பிரித்து வைத்திருப்பது இங்கே நமக்கு அதிர்ஷ்டம்.

3 மி.மீ. கனமுள்ள, நிறமற்ற அக்ரிலிக் தகடு ஒன்று 60 × 45 செ.மீ. அளவில் வெட்டி வாங்குங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடையிலேயே நடுவில் 15 × 12 செ.மீ. துளை போட்டு, ஓரங்களை மழுக்கித் தரச் சொல்லுங்கள். அந்தத் துளை வழியாகத்தான் நீங்களும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். கட்டங்களை இப்படி ஒட்டுங்கள்:

மேல் இடது: க ச ட / த ப ற
மேல் நடு: ங ஞ ண / ந ம ன
மேல் வலது: ய ர ல / வ ழ ள
கீழ் இடது: அ ஆ இ / ஈ உ ஊ
கீழ் நடு: ஃ, புள்ளி, இடைவெளி / தவறு, அடுத்த வரி, ஊகிக்காதே
கீழ் வலது: எ ஏ ஐ / ஒ ஓ ஔ

ஒவ்வொரு கட்டமும் மேலே மூன்று, கீழே மூன்று. தகட்டில் கட்டங்கள் இருக்கும் அமைப்பும் அதேதான். எனவே இரண்டே பார்வையில் ஒரு எழுத்து கிடைத்துவிடும். முதல் பார்வை எந்தக் கட்டம் என்று சொல்கிறது. அடுத்த பார்வை அந்தக் கட்டத்துக்குள் எந்த இடம் என்று சொல்கிறது. ‘த’ வேண்டுமானால் மேல் இடது மூலையைப் பார்க்க வேண்டும். உங்கள் முகத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு கீழ் இடது மூலையைப் பார்க்க வேண்டும். நடுவில் முகத்துக்குத் திரும்புவதை விட்டுவிட்டால் இரண்டு பார்வைகளும் ஒன்றாகக் குழம்பிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இதனால்தான்.

‘மழை’ எழுத ம, ழ, ஐ என்று மூன்று தேர்வு, ஆறு பார்வை. ஒரு தேர்வுக்கு ஐந்து விநாடி என்றால் கால் நிமிடம். முதல் மாதம் இதன் மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. கணினியில் தமிழ் தட்டும் தமிழ்99 விசைப்பலகையின் விதியை அப்படியே கடன் வாங்குங்கள்: ஒரே மெய் அடுத்தடுத்து வந்தாலும், ங–க, ஞ–ச, ண–ட, ந–த, ம–ப, ன–ற என்ற இணைகள் வந்தாலும், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது ‘அம்மா’ என்பது அ, ம, ம, ஆ. ‘பந்து’ என்பது ப, ந, த, உ. ‘மமதை’ போன்ற சொல் வந்தால் முதல் ‘ம’வுக்குப் பின் ‘அ’வைப் பார்க்க வேண்டும். கிரந்த எழுத்துக்கும் அவனோடு பேசி ஓர் உடன்பாடு செய்யலாம்: ஆய்தத்துக்குப் பின் ‘ச’ வந்தால் ‘ஸ’, ‘ட’ வந்தால் ‘ஷ’, ‘ஞ’ வந்தால் ‘ஜ’, ‘க’ வந்தால் ‘ஹ’. ‘ப’ வந்தால் மட்டும் ‘ஃப’ என்றே இருக்கட்டும்.

தகட்டின் பின்பக்கமும் எழுத்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் உங்களுக்கு எல்லாம் இடவலம் மாறிய கண்ணாடி எழுத்துதான். முன்பக்கம் ‘த’ இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் ‘த’வே இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் தாளையும் இன்னொரு நகல் எடுத்து அப்படியே அதன் பின்னால் ஒட்டினால் இடவலம் மாறி, அவன் சொன்ன ‘த’ உங்களுக்கு ‘ற’ ஆகும். எழுத்து 3 செ.மீ. உயரம், கறுப்பு மையில். தகடு அவன் முகத்திலிருந்து 40–50 செ.மீ. தள்ளி, கண் மட்டத்தில். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. உங்கள் முகமே அவனுக்கு இருட்டாகிவிடும்.

கீழே பார்க்கும்போது இமை கருவிழியை மூடிக்கொள்ளும். கீழ் நடுவைப் பார்க்கிறானா, அயர்கிறானா என்று பிரித்தறிவது கடினம். சந்தேகம் வந்தால் “கீழ் நடுவா?” என்று கேட்டு ‘ஆம்’ வாங்குங்கள். ‘ஆம்’ என்பதற்கு ஒரு சைகையும் ‘இல்லை’ என்பதற்கு வேறொரு சைகையும் வேண்டும். ‘ஆம்’ வரவில்லை என்பது ‘இல்லை’ ஆகாது. கண் கூசியிருக்கலாம், தும்மல் வந்திருக்கலாம்.

கடைசியாக, அந்த ‘ஊகிக்காதே’. அவன் ‘க, ட, ல’ என்றதும் நீங்கள் ‘கடல்தானே?’ என்பீர்கள். கடைக்குப் போய்த் தயிர் வாங்குவதற்கு அது உதவி. கதை எழுதும்போது அது குறுக்கீடு. அவன் மனதில் இருந்தது ‘கடலை’யாகவோ ‘கடலோடி’யாகவோ இருந்திருக்கலாம், கேள்வி வந்த அலுப்பில் ‘சரி, கடல்’ என்று விட்டுக்கொடுத்துவிடுவான். எழுதத் தொடங்குமுன் அவனிடமே கேளுங்கள்: இன்றைக்கு ஊகிக்கலாமா, கூடாதா?

பார்வையும் குறைவான ஒருவருக்கு இந்தத் தகடு எப்படிப் பயன்படும்? தலையை ஒரு பக்கம் திருப்புவது மட்டும்தான் அவருக்கு உறுதியாக வருகிறது.
– விடுதிப் பொறுப்பாளர், திருநெல்வேலி

பயன்படாது. அவருக்குக் காதுதான் பலகை. நீங்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். அவர் தலையைத் திருப்பி நிறுத்த வேண்டும். “வல்லினம்… மெல்லினம்… இடையினம்… குறில்… நெடில்… கட்டளை.” ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை விநாடி. ‘மெல்லினம்’ என்றபோது தலை திரும்பினால் அந்த வரிசையின் எழுத்துகளைச் சொல்லுங்கள்.

பள்ளி வரிசையிலேயே தொடங்குங்கள். எது அடுத்து வரும் என்று அவருக்கு மனப்பாடமாக இருப்பதால் முன்கூட்டியே தயாராவார். ஆனால் மெல்லினத்தில் ங, ஞ இரண்டும் முதலில் வருவது தினசரி வீண் செலவு. ஒரு மாதம் கழித்து அவர் எழுதியதில் 500 எழுத்தை எடுத்து எண்ணிப் பாருங்கள். அவர் அதிகம் எழுதுவது எதுவோ அதை முன்னால் கொண்டுவாருங்கள். வரிசையை ன, ம, ந, ண, ஞ, ங என்றும் ர, ல, வ, ய, ள, ழ என்றும் மாற்றினால் ‘மழை’க்கு 25 அழைப்புக்குப் பதில் 23 ஆகும். சிறு லாபம்தான், ஒரு பக்கம் எழுதும்போது தெரியும். ஒருமுறை மாற்றிய பிறகு வாரத்துக்கொரு வரிசை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் இருப்பதும் கெட்டுவிடும்.

இதில் நடக்கும் பெரிய தவறு சொல்பவரின் குரலில்தான். எதிர்பார்க்கும் எழுத்து வரும்போது குரல் தன்னையறியாமல் ஏறும், அல்லது அங்கே மட்டும் அரை விநாடி கூடுதலாக நிற்கும். கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். பால் கணக்கு வாசிப்பது போல ஒரே சீராகச் சொல்லுங்கள். அவ்வப்போது ஆள் மாற்றுங்கள். நீங்கள் சொன்னால் ஒரு நடையும் இன்னொருவர் சொன்னால் வேறு நடையும் வந்தால், அதை அலட்சியம் செய்யாமல் யோசியுங்கள்.

என் மாணவி பேசும் படச் செயலி பயன்படுத்துகிறாள். ‘நான் நேத்து கடல் போ’ என்று எழுதினாள். ‘நான் நேற்று கடலுக்குப் போனேன்’ என்று திருத்திப் பள்ளி மலரில் போடலாமா?
– ஆசிரியை, சென்னை

அவளிடம் கேட்காமல் போடாதீர்கள். அவள் கடலுக்குப் போனாள் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். கடலைப் பார்த்து ‘போ’ என்று விரட்டியிருந்தால்?

இங்கே குறை அவளுடையது இல்லை, பலகையுடையது. படச் செயலிகளின் அடிப்படைச் சொல்தொகுதி பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டி வந்தது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல்லாக நிற்பது தமிழில் விகுதியாக ஒட்டிக்கொள்ளும். வேர்ச்சொல் மட்டும் கொடுத்துவிட்டு, வாக்கியம் மொட்டையாக இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை.

‘-க்கு’, ‘-இல்’ என்று விகுதிக்குத் தனிப் பொத்தான் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதில் சிக்கல் என்னவென்றால் பல செயலிகள் புணர்ச்சி செய்யாது. ‘மரம்’, ‘இல்’ இரண்டையும் தொட்டால் ‘மரம் இல்’ என்றே வாசிக்கும், ‘மரத்தில்’ ஆகாது. அதைவிட இது நன்றாக வேலை செய்கிறது: அவள் அடிக்கடி எடுக்கும் 30 பெயர்ச்சொற்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சிறு பக்கம் வையுங்கள். கடல், கடலை, கடலுக்கு, கடலில், கடலிலிருந்து, கடலோடு. வினைக்கும் அப்படியே: போனேன், போறேன், போவேன், போனாள், போச்சு, போ. ஒரு தொடுதல் கூடும், ஆனால் வாக்கியம் முழுசாக அவளுடையதாகும். கூடவே எழுத்துப் பக்கமும் முதல் நாளிலிருந்தே திறந்திருக்கட்டும். ‘படம் எல்லாம் பழகட்டும், பிறகு எழுத்து’ என்று காத்திருந்தே பல ஆண்டுகள் வீணாகின்றன. பொத்தானில் இல்லாத சொல்லுக்கு எழுத்து ஒன்றுதான் வழி. கவிதைக்கு வேண்டியது பெரும்பாலும் பொத்தானில் இல்லாத சொல்தான்.

‘நேத்து’வைத் தொடாதீர்கள். தமிழில் எழுதும் எவருக்கும் பேச்சா எழுத்தா என்பது அவரே முடிவு செய்கிற விஷயம். பலகையில் ‘போறேன்’, ‘போகிறேன்’ இரண்டும் இருந்தால்தான் அந்த முடிவை அவளால் எடுக்க முடியும்.

சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ போன்ற செயலிகளில் இப்படிப் பக்கங்களை நாமே சேர்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை காப்பு நகல் எடுத்து வையுங்கள். டேப்லெட் கீழே விழுந்து உடைந்தால் போவது கருவி மட்டுமல்ல, அவளுடைய சொற்களும்தான்.

தங்கைக்கு ஆட்டிசம், பேச்சு இல்லை. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் எழுத்துப் பலகையில் அற்புதமான கவிதை எழுதுகிறாள். ஒரு போட்டிக்கு அனுப்பினோம்; ‘யார் எழுதியது’ என்று கேட்கிறார்கள். அவமானமாக இருக்கிறது.
– அண்ணன், ஈரோடு

கேட்டது அவமானம் இல்லை. இந்தக் கேள்வியை நீங்களே முன்பே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. கடினமாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுகிறோம்.

மணிக்கட்டையோ முழங்கையையோ தோளையோ பிடித்து எழுத வைக்கும் முறை 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மிக வேகமாகப் பரவியது. அப்போதே சோதித்துப் பார்த்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒரு மையத்தில் 12 பேரிடம், எழுதுபவருக்கு ஒரு படமும் கை பிடிப்பவருக்கு வேறு படமும் காட்டினார்கள். பிடிப்பவர் பார்த்த படத்தின் பெயர்தான் எழுத்தில் வந்தது. எழுதுபவர் மட்டும் பார்த்த படத்தின் பெயர் வரவில்லை. பிடித்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தங்கள் கை இழுக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. மனதில் ஒரு சொல் எழுந்தால் தசை மெல்ல அந்தத் திசைக்குச் சாயும். மாற்றுத் தொடர்புக்கான உலகச் சங்கம் 2014-லும், அமெரிக்கப் பேச்சு – மொழி – கேட்டல் சங்கம் 2018-லும் இந்த முறையை ஏற்க முடியாது என்று அறிவித்தன. பலகையை உதவியாளர் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, தூண்டித் தூண்டி எழுத வைக்கும் முறையையும் 2018 அறிவிப்பு பரிந்துரைக்கவில்லை. அங்கே நகர்வது கை இல்லை, பலகை.

வீட்டிலேயே பார்க்கலாம். பரீட்சை போல வேண்டாம், விளையாட்டாகவே செய்யுங்கள். நீங்கள் வெளியே போங்கள். அம்மா ஒரு பொருளைத் தங்கையிடம் காட்டி ஒளித்து வைக்கட்டும். திரும்பி வந்து வழக்கம் போல மணிக்கட்டைப் பிடித்து ‘என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். பத்து முறை, பத்துப் பொருள், வேறு வேறு நாட்களில். இன்னொன்றையும் கவனியுங்கள்: எழுதும்போது அவள் கண் பலகைமேல் இருக்கிறதா? எழுத்தைப் பார்க்காமல் விரல் மட்டும் போய்ச் சேர்கிறது என்றால் விரலை ஓட்டுவது வேறு யாரோ.

பதில் சரியாக வரவில்லை என்றால், அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. இந்த வழி அவளுடையது இல்லை என்று மட்டுமே அர்த்தம். உங்கள் கையை எடுத்துவிடுங்கள். பலகையை மேசையில் திருகி நிலையாக நிறுத்துங்கள். முன்கைக்குத் தாங்கல் கொடுங்கள். விசைகளுக்கு மேல் துளையிட்ட அக்ரிலிக் மூடி போட்டால் விரல் வழுக்கிப் பக்கத்து எழுத்தில் விழாது. 36 எழுத்து அதிகமென்றால் ஆறு பெரிய தேர்வில் தொடங்குங்கள். வருவது ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லாக இருக்கலாம். அதுவரை, போட்டிக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என் அப்பா. நரம்பு இயக்க நோய் (மோட்டார் நியூரான் நோய்). கை போய்விட்டது, பேச்சும் குழறத் தொடங்கிவிட்டது. கவிதை எழுதுவதை நிறுத்தக் கூடாது என்கிறார். என்ன கருவி வாங்குவது?
– மகள், கோயம்புத்தூர்

வாங்குவதற்கு முன் இன்றே செய்ய வேண்டியது ஒன்று: குரல் மிச்சமிருக்கும்போதே அவர் கவிதைகளை அவரையே வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, காலை நேரத்தில். மாலையில் நா தளர்ந்துவிடும்.

கண்ணால் இயக்கும் கேமரா நல்ல தேர்வு. இந்த நோயில் கண்ணசைவு பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். திரை முகத்துக்கு இணையாக, சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். படுத்திருந்தால் திரையும் அதே கோணத்தில் சாய வேண்டும்; வளையும் தாங்கிக் கம்பி இல்லாமல் கருவியை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் பலர். வெயில் நேராக விழுந்தால் கேமரா குருடாகும், அதில் வேலை செய்வது அகச்சிவப்பு ஒளி என்பதால். இரட்டைக் குவியக் கண்ணாடியின் கோடு கருவிழிக்கு நேரே வந்தால் குறி தவறும். இமைப்பது குறைந்து கண் உலர்ந்தாலும் அப்படியே. சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு எழுத்தின் மீது பார்வை நிற்க வேண்டிய நேரத்தை ஒரு விநாடியில் தொடங்கி, பழகப் பழகக் குறையுங்கள். எடுத்த எடுப்பில் அரை விநாடி வைத்தால் பார்ப்பதெல்லாம் எழுத்தாகித் திரை நிரம்பும். ஒரு அமர்வு 20–30 நிமிடம் போதும்.

அவ்வளவு செலவு முடியாதென்றால் கன்னத்திலோ கால் விரலிலோ ஒரு சுவிட்ச். ஆண்ட்ராய்டில் ‘சுவிட்ச் ஆக்சஸ்’, ஐபோனில் ‘சுவிட்ச் கண்ட்ரோல்’, விண்டோஸின் திரை விசைப்பலகையில் வருடல் முறை (எழுத்துகள் வரிசையாக ஒளிரும்போது வேண்டியதில் சுவிட்சை அழுத்துவது) என்று எல்லாவற்றிலும் கூடுதல் செலவில்லாமல் இருக்கிறது. சுவிட்ச் 6 செ.மீ. அகலம் இருந்தால் குறி வைப்பது எளிது. நடுக்கத்தில் ஒரு அழுத்தம் இரண்டாகப் பதியும். ‘திரும்ப அழுத்துவதைப் புறக்கணி’ என்ற அமைப்பை அரை விநாடிக்கு வையுங்கள்.

விசைப்பலகை கட்டாயம் தமிழ்99. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் ‘மழை’க்கு ஆறு விசை, இதில் மூன்று. கைவிரல் பத்தும் ஓடுபவருக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை. கன்னத்தால் எழுதுபவருக்குப் பாதி நாள் மிச்சம். தமிழாசிரியர் என்பதால் உயிரும் மெய்யும் சேர்வதை அவருக்குச் சொல்லித்தரவும் வேண்டாம்.

நாவல் எழுத முடியுமா? எனக்கு நிமிடத்துக்கு மூன்று சொல் வரும்.
– பலகையில் எழுதும் ஒருவர், யாழ்ப்பாணம்

கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 3 சொல், நாளைக்கு 40 நிமிடம் என்றால் 120 சொல். வாரம் ஐந்து நாள், 600. ஐம்பது வாரத்தில் 30,000 சொல். அது ஒரு குறுநாவல்.

வேகத்தைவிட, எழுதும் நேரத்துக்கு வெளியே என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பிரான்ஸைச் சேர்ந்த பத்திரிகையாசிரியர் ழான்-தொமினிக் பொபிக்கு 1995 டிசம்பரில் பக்கவாதம் வந்து, இடது இமையைத் தவிர ஏறக்குறைய எதுவும் அசையவில்லை. பிரெஞ்சில் அதிகம் வரும் எழுத்து முதலாக அடுக்கிய அகரவரிசையை ஒருவர் வாசிக்க, வேண்டிய எழுத்தில் இமைத்து முழுப் புத்தகத்தையும் எழுதினார். எழுதிக்கொள்பவர் வருவதற்கு முன்பே ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் பலமுறை திருத்தி, பத்தி பத்தியாக மனப்பாடம் செய்துவைத்துக்கொள்வது அவர் வழக்கம். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்தது. அதே மாதம் சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

நீங்களும் பலகைக்கு வரும்போது வாக்கியத்தோடு வாருங்கள். பலகையில் உட்கார்ந்து யோசித்தால் எழுதிக்கொள்பவரின் பொறுமை உங்கள் நடையைக் கெடுக்கும்; அவர் கொட்டாவி விட்டால் நீங்கள் முற்றுப்புள்ளி வைத்துவிடுவீர்கள். பாத்திரங்களின் பெயருக்கு இரண்டெழுத்துக் குறி வைத்துக்கொள்ளுங்கள். நாவல் முழுக்க ‘பரமேஸ்வரி’ என்று எழுத்துக்கூட்டுவது தண்டனை. எழுதியதை வாக்கிய எண் போட்டுச் சேமிக்கச் சொன்னால், பிறகு ‘12 அழி’, ‘7-ஐ 9-க்குப் பின் வை’ என்று மூன்று நான்கு தேர்வில் திருத்தலாம். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் எழுதி நிறுத்துங்கள்; மறுநாள் அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாம்.

படித்துக் காட்டுபவர் உணர்ச்சி ஏற்றி வாசிக்கக் கூடாது. நல்ல குரல் சுமாரான வரியைக் காப்பாற்றிவிடும். பிழை உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மரபுக்கவிதை வருமா?
– அதே கடிதத்தில் இரண்டாவது கேள்வி

வரும், சிக்கனமும்கூட. குறள் வெண்பாவுக்கு ஏழு சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாவதில் மூன்று, கடைசியில் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. ஒரு மாலை வேலை. தளை பார்க்கும் உதவியாளர் ‘மூன்றாம் சீருக்கும் நான்காம் சீருக்கும் நடுவே தட்டுகிறது’ என்று இடத்தை மட்டும் சொல்ல வேண்டும், மாற்றுச் சொல்லை நீட்டக் கூடாது.

மேடையில் செயலியின் குரலில் வாசிப்பதானால் தனிப் பிரதி ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். அடி முடியும் இடமெல்லாம் காற்புள்ளி. மூச்சு விட வேண்டிய இடத்தில் புதிய வரி. ஒரு சொல்லை அது தப்பாக உச்சரித்தால் அந்தப் பிரதியில் மட்டும் ஒலிக்கு ஏற்ப எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். அச்சுக்குப் போவது மற்றொன்று. கோப்பின் பெயரிலேயே ‘வாசிப்பு’, ‘அச்சு’ என்று பிரித்து வையுங்கள், இல்லையேல் மாறிப் போகும்.

எங்கள் சிற்றிதழில் இப்படிப்பட்ட எழுத்தாளர்களை வெளியிட விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– இதழாசிரியர், மதுரை

முதலில், தன் நோய் பற்றிய கட்டுரைதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். அயர்லாந்தின் கிறிஸ்டி பிரவுன் இடது கால் விரல்களால் எழுதினார். 1954-இல் தன்வரலாறு, 1970-இல் நாவல், கவிதைத் தொகுதிகளும் உண்டு. தன்வரலாற்றோடு அவர் நின்றுவிடவில்லை.

மூலப் பிரதியைத் திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை திருத்தலாமா என்று ஒரே ஒருமுறை பொதுவாகக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற ஐயங்களை எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாற்றுகள் கொடுத்து, கடைசியில் ‘இருப்பதே இருக்கட்டும்’, ‘வேறு சொல்கிறேன்’ என்ற இரண்டையும் கட்டாயம் சேருங்கள். ‘இந்தப் பத்தியைச் சற்று விரிவாக்கவும்’ என்று எழுதுவது உங்களுக்கு ஒரு வரி, அவருக்கு ஒரு வாரம். பதிலுக்குப் பத்து நாளாவது கொடுங்கள். வாக்கியம் சுருக்கமாக, விகுதி உதிர்ந்து வந்தால் அதைக் குறை என்று எண்ணி நிரப்பாதீர்கள். அது களைப்பாகவும் இருக்கலாம், நடையாகவும் இருக்கலாம். கேட்டால் சொல்வார்.

எழுத்தைப் பதிவு செய்தவர் பெயரை ‘எழுத்துப்பதிவு’ என்று போடலாம். இணை ஆசிரியர் ஆக்க வேண்டாம். எந்த முறையில் எழுதினார் என்று அச்சிடுவது அவர் விருப்பம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே மாற்றுத் தொடர்பு முறைகளைச் சேர்த்திருக்கிறது. கண்ணால் எழுதிய கடிதமும் கடிதம்தான். சன்மானம் மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு.

எல்லோரும் என் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். நான் பேய்க்கதை எழுதுகிறேன். என் செயலியில் ‘பிணம்’ இல்லை, ‘சனியனே’ இல்லை, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ‘நன்றி’ மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது.
– கல்லூரி மாணவி, திருச்சி

நான்கில் மூன்றை அழித்துவிடுங்கள்.

பிறகு ‘என் சொற்கள்’ என்று ஒரு பக்கம் திறந்து 20 காலிக் கட்டம் வையுங்கள். எழுதும்போது எழுத்துக்கூட்டி வரவழைத்த சொல் மூன்றாவது முறை தேவைப்பட்டால் அதற்கு ஒரு கட்டம் கொடுங்கள். பேய்க்கதைக்கு முதலில் வேண்டியவை வசைச் சொற்கள் அல்ல. ‘அப்போது’, ‘திடீரென்று’, ‘ஆனால்’, ‘யாரோ’, ‘எதுவோ’ போன்றவைதான். இவை பல பலகைகளில் இருப்பதில்லை. உரையாடலுக்கு மேற்கோள் குறி ஒரே தொடுதலில் வர வேண்டும். வசைச் சொற்களுக்குத் தனிப் பக்கம் போட்டு, முதல் பக்கத்திலிருந்து இரண்டு தொடுதல் தள்ளி வையுங்கள். அவசரத்தில் விரல் தவறிப் பேராசிரியர் முன்னால் செயலி உரக்கச் சொல்லிவிடக் கூடாது. வேண்டுமென்றே சொல்வதானால் அது உங்கள் பாடு.

பக்கத்தைப் பூட்டும் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது? அம்மாவிடமோ தெரபிஸ்டிடமோ இருந்தால் கேட்டு வாங்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக மாற்றிவிடுங்கள்.